விண்ணப்பமும் வழிச்செலவும்

தென்காசி என்ற பெயருக்குள்ளேயே ஒரு பிரயாணச் செலவின் கதை அடங்கியிருக்கிறது. கங்கைக் கரையிலுள்ள காசிக்குப் போகப் புறப்பட்டு, கைப்பொருள் தீர்ந்தோ உடல் தளர்ந்தோ வழியிலேயே மாண்டுபோன தென்னாட்டு யாத்திரிகர்கள்மீது இரக்கம் கொண்டு, அந்த விசுவநாதருக்கு இங்கேயே ஓர் ஆலயம் எடுக்கும்படி பராக்கிரம பாண்டியனுக்குக் கனவில் ஆணை பிறந்தது என்று இவ்வூர்ப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். கனவை நம்பாதவர்கள் கல்வெட்டை நம்பலாம். 1446-இல் திருப்பணி தொடங்கியது, முடிய 17 ஆண்டுகள் ஆயின. போக இயலாதவனுக்காக, அவன் போகவேண்டிய இடத்தையே கொண்டுவந்து நிறுத்திய ஊர் இது. ஆகையால், படிப்பை நாடிக் கடல் கடந்தவர்களின் வழிச்செலவை யார் கொடுத்தார்கள், அதை எப்படிக் கேட்டார்கள், கேட்டவர்களில் எவருக்குக் கிடைத்தது என்ற நெடுங்கதையைத் தொடங்குவதற்கு இந்தக் கோபுர வாசலைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

பராக்கிரமனுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1564-இல், இதே தென்காசியில் முடிசூடிய அதிவீரராம பாண்டியன் அரசன் மட்டுமல்லன், 'நைடதம்' பாடிய கவிஞனும் ஆவான். அவன் இயற்றியதாக வழங்கும் 'வெற்றி வேற்கை' என்ற சிறு நீதிநூல் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்விக்கப்பட்டது. இரந்து உண்ண நேர்ந்தாலும் கல்வியைக் கைவிடாதே என்ற அந்நூலின் உபதேசத்தைக் கேளாத தமிழ்ப் பிள்ளை இல்லை. இதைச் சொன்னவன் ஓர் இரவலனாக இருந்திருந்தால் அது அவனுடைய அநுபவம் என்று விட்டுவிடலாம். பொக்கிஷத்தின் திறவுகோலை இடுப்பில் வைத்திருந்த ஒருவன் சொன்னதனால் அதற்கு இரண்டு முகங்கள் உண்டாகின்றன என்பது என் துணிபு. கேட்பதற்கு வெட்கப்படாதே என்று மாணாக்கனுக்குச் சொல்லுகிற அதே வாக்கியம், அவனைக் கேட்க விட்டுவிட்ட ஊரை வெட்கப்படச் சொல்லுகிறது.

அப்படி வெட்கப்பட்ட ஊர்களும் அரசர்களும் தமிழ்நாட்டில் இருந்தார்கள். பொதியமலை நாட்டை ஆண்ட ஆய் வேளிர் மரபில் வந்த கருநந்தடக்கன், 866-ஆம் ஆண்டில், இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் ஒரு விஷ்ணு ஆலயத்தையும் அதனோடு சேர்ந்த கல்விச் சாலை ஒன்றையும் ஸ்தாபித்தான். காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றி ஏற்பட்ட அந்தச் சாலையில் 95 மாணாக்கர்களுக்கு இடம் உண்டு. வேத சாகைகளின்படி 45, 36, 14 என்று அவை பகுத்து வைக்கப்பட்டன. இடம் கேட்டு வருகிறவன் இலக்கணம் முதலிய சாஸ்திரங்களில் தேர்ந்தவனாகவும், ராஜ்ய விவகாரங்களுக்கு வேண்டிய அறிவு படைத்தவனாகவும் இருக்க வேண்டும் என்று செப்பேடு விதிக்கிறது. ஒழுங்கு தவறியவனுக்கு அபராதமும் சொல்லுகிறது. தகுதி, இடங்களின் எண்ணிக்கை, உணவுக்கு மானியம், நடத்தை விதி என்ற இந்நாளைய உதவித்தொகை அறிவிப்பின் அங்கங்கள் யாவும் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே செம்பில் வெட்டப்பட்டுவிட்டன. சோழர் காலத்து எண்ணாயிரத்துக் கல்லூரியில் 340 மாணாக்கர்கள் பயின்றார்கள். அவர்களில் இளையவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல் என்று கல்வெட்டு அளந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த வாசல் குறுகியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேதம் ஓதப் பிறந்தவர்களுக்கு அன்றி மற்றவர்களுக்கு அந்த நெல் அளக்கப்படவில்லை.

'விண்ணப்பம்' என்ற சொல்லும் இந்தச் செப்பேடுகளின் உலகத்திலிருந்து நமக்கு வந்ததுதான். பல்லவர்களின் தானப் பட்டயங்கள் பலவற்றில் மூவர் பெயர் காணப்படும். தானம் பெறுகிறவர் ஒருவர். அரசன் சமூகத்தில் அவருக்காக எடுத்துச் சொன்னவர், அதாவது விண்ணப்பம் செய்தவர், ஒருவர். அரசன் ஆணையைக் கிராமத்துக்கு எடுத்துச் சென்று நிறைவேற்றியவர், அதாவது ஆணத்தி, மற்றொருவர். காசக்குடிப் பட்டயத்தில் நிலம் பெற்றவர் ஒரு சோமயாஜியார். விண்ணப்பித்தவரோ பிரம்மஸ்ரீராஜர் என்ற அமாத்தியர். பெறுகிறவனே தனக்காக வாய் திறந்து கேட்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அந்த ஏற்பாட்டில் இல்லை. அவனுடைய தகுதியை அறிந்த வேறொருவர், தம்முடைய பெயரைப் பட்டயத்தில் ஏற்றி, அவனுக்காகப் பேசினார். கொடுக்கிறவனுக்கும் பெறுகிறவனுக்கும் நடுவே நின்று விண்ணப்பித்த இந்த மூன்றாவது மனிதரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் கதை முழுவதும் அவர் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் பற்றியதாகவே இருக்கும்.

கல்வியை நாடி நெடுந்தூரம் போவது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. கலியாண வீட்டில் மணமகன் குடையும் கைத்தடியும் ஏந்திக் காசி யாத்திரை புறப்படுவதும், பெண்ணைப் பெற்றவர் வழிமறித்து அழைத்து வருவதும் இன்றும் சில சமூகங்களில் சடங்காக நிற்கின்றன. காசி ஒரு க்ஷேத்திரமாக மட்டுமல்லாமல் வித்தியா ஸ்தானமாகவும் விளங்கிய காலத்தின் நிழல் அது. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் காசிக்குச் சென்று மடம் ஸ்தாபித்த வரலாற்றை யாவரும் அறிவர். குற்றாலத்துப் பக்கமும் புலமைக்குப் பொருள் கிடைக்காமல் போகவில்லை. தென்காசியை ஒட்டிய மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியதற்காக 1718-இல் மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது.

கடல் கடந்த கல்வியைப் பொறுத்தவரையில் ஒரு விநோதத்தைச் சொல்லியாக வேண்டும். குற்றாலத்திலிருந்து சீமைச் சர்வகலாசாலைகளுக்கு முதலில் போனவை மனிதர்கள் அல்ல, செடிகள். எடின்பரோவில் வைத்தியம் படித்துக் கம்பெனியாரின் சேவையில் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1830-களில் பாளையங்கோட்டையில் இருந்த காலத்தில் குற்றாலத்து மலைச்சரிவுகளில் அலைந்து தாவரங்களைச் சேகரித்தார். அவற்றை உலர்த்தி, காகிதத்தில் ஒட்டி, பெயர் எழுதி, கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் இருந்த தாவர சாஸ்திரிகளுக்குக் கப்பலில் அனுப்பினார். குற்றாலம் என்ற பெயரை அக்காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் தாங்கிய அந்த ஏடுகள் ஐரோப்பாவின் தாவரக் களஞ்சியங்களில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவருக்காகச் செடிகளைச் சித்திரமாகத் தீட்டிக் கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தெலுங்கு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைட் சூட்டினார்; இது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகிறது. ஆயினும் செடியின் பிரயாணச் செலவைக் கொடுத்த அந்தக் காலம், அதைத் தீட்டிய கையின் பிரயாணச் செலவைக் கொடுக்க நினைக்கவில்லை. செடியைப் பற்றிய சாஸ்திரம் அங்கே வளர்ந்தது. செடி வளர்ந்த மலையடிவாரத்துப் பிள்ளைகள் அதைக் கற்க மேலும் பல தலைமுறைகள் காத்திருந்தார்கள்.

சமுத்திரம் தாண்டினால் ஜாதிப் பிரஷ்டம் என்ற பயம் ஒரு சாராரைத்தான் கட்டியது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து நெசவாளரும் வணிகரும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். தாமிரபரணிச் சீமையின் ஏழைகள் தூத்துக்குடியிலே கப்பல் ஏறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்கள் போனது ஜீவனத்துக்காக. அப்படிப் போனவர்கள் படிப்பை மறக்கவில்லை என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு சாட்சி உண்டு. 1946-இல் அங்கே குடியேறியிருந்த கடையநல்லூர் முஸ்லிம்கள் தங்கள் சங்கத்தின் மூலமாக உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஏற்படுத்தினார்கள். அது 1960-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. உழைக்கப் போன இடத்தில் தம் கைக்காசால் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டிய இந்த ஜனங்களை, கல்வித் தர்மத்தின் சரித்திரத்தில் எந்த மகாராஜாவுக்கும் கீழே வைக்க என் மனம் ஒப்பாது.

அரசாங்கம் இந்தியப் பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பத் தொடங்கியது 1868-இல். லாரன்ஸ் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்தபோது, ஆண்டுக்கு 200 பவுன் வீதம் ஒன்பது உபகாரச் சம்பளங்கள் ஏற்பட்டன. இங்கிலாந்திலிருந்த இந்தியா மந்திரி சீக்கிரத்திலேயே அதை நிறுத்திவிட்டார். 'உபகாரச் சம்பளம்' என்ற சொல் அந்தக் காலத்தது. இப்போது உதவித்தொகை என்கிறோம். பழைய சொல்லில் சம்பளம் என்ற கௌரவமும் கலந்திருந்தது. படிப்பதும் ஓர் உழைப்பு, அதற்கு ஊதியம் உண்டு என்ற அபிப்பிராயம் அதில் தொனித்தது. 1892-இல் ஜாம்ஷெட்ஜி டாடா ஏற்படுத்திய நிதி வேறொரு வழியைக் கண்டது. அவர் கொடுத்தது கடன். படித்துத் திரும்பி, சம்பாதித்து, திருப்பிக் கட்ட வேண்டும். கட்டிய பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

கொடுக்கிறவன் நிபந்தனை விதிப்பான் என்பதை 1905-இல் லண்டனில் கண்டோம். ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா அங்கே இந்தியா ஹவுஸைத் திறந்து, இந்திய மாணாக்கர்களுக்கு உபகாரச் சம்பளங்களை அறிவித்தார். பெறுகிறவன் பிரிட்டிஷ் அரசாங்கத்தில் ஊழியம் பார்க்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. பாரிஸ்டர் படிப்புக்காகச் சீமை சென்ற வ.வே.சு. ஐயர் அந்த வீட்டிலே புரட்சிக்காரர்களோடு கலந்தார். 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவரிடம் பயிற்சி பெற்றவர்தான், குற்றாலத்துக்கு அருகே அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பிறந்து, 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தாமும் மாய்ந்த வாஞ்சிநாதன். சீமையில் படிக்கும் இந்தியப் பிள்ளைகள் மீது அரசாங்கத்துக்குச் சந்தேகம் பிறந்தது. 1909-இலேயே லண்டனில் அவர்களுக்கென்று ஒரு தகவல் நிலையமும், சென்னை முதலிய ராஜதானிகளில் ஆலோசனைக் குழுக்களும் அமைந்துவிட்டன. உதவியும் கண்காணிப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன.

அந்த மேஜையிலிருந்துதான் 1913-இல் ஓர் அழைப்பு, சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ராமாநுஜனுக்குப் போயிற்று. தமிழ்நாட்டிலிருந்து சர்வகலாசாலை ஒன்றின் செலவில் கடல் கடந்த மாணாக்கர்களில் மிகப் பெரியவர் அவரே ஆகையால், இவ்விடத்தில் சற்று நின்று போக விரும்புகிறேன். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் எப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தவறியவர், பட்டம் இல்லாதவர். 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகப் பிரசித்தமானது. அதைப் படித்து வியந்த ஹார்டி லண்டன் இந்தியா ஆபீஸுக்குச் சொல்ல, அங்கிருந்து சென்னை ஆலோசனைக் குழுவின் காரியதரிசிக்குக் கடிதம் வந்து, அவர் ராமாநுஜனை அழைத்துச் சீமைக்கு வர விருப்பமா என்று கேட்டார். இல்லை என்பதே பதில். ஆசாரமும் தாயின் மனமும் குறுக்கே நின்றன.

இதற்குப் பின் ஓராண்டுக்குள் நடந்தவற்றைப் பார்த்தால் பல்லவர் பட்டயத்து விண்ணப்பகர்த்தர்கள் மறுபடி பிறந்து வந்ததுபோல் இருக்கிறது. வானிலை இலாகாவின் தலைவர் கில்பர்ட் வாக்கர், துறைமுகத்தைப் பார்க்க வந்த இடத்தில் ராமாநுஜனின் நோட்டுப் புத்தகத்தைக் கண்டு, 1913 பிப்ரவரி 26-இல் சர்வகலாசாலை ரிஜிஸ்திரார் டியூஸ்பரிக்கு எழுதினார். கணிதப் பாடக் குழுவின் தலைவர் ஹனுமந்த ராவ் குழுவைக் கூட்டினார். எம்.ஏ. தேறியவர்க்கே ஆராய்ச்சிச் சம்பளம் என்பது விதி. அந்த விதியைத் தாண்டி மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்பாடாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாம் செய்த வேலையைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இடப்பட்ட நிபந்தனை. அவரும் ஆகஸ்டிலும் நவம்பரிலும் மறு மார்ச்சிலும் தவறாமல் கொடுத்தார்.

1914 ஜனவரியில் பிரசங்கங்கள் செய்யச் சென்னைக்கு வந்த நெவில் என்ற இளம் கேம்பிரிட்ஜ் ஆசிரியர், சீமைக்கு வரச் சம்மதமா என்று மறுபடி கேட்டார். இம்முறை தடை இல்லை. ஜனவரி 28-இல் நெவில் ரிஜிஸ்திராருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதனை அடுத்து ராஜதானிக் கல்லூரிப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் எழுதினார். பிப்ரவரி 5-இல் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கவர்னரின் அந்தரங்கக் காரியதரிசிக்கு எழுதினார். சுமார் 10,000 ரூபாய் ஒதுக்கச் சர்வகலாசாலை இசைந்துவிட்டது, கவர்னரின் சம்மதம் ஒன்றுதான் குறை என்பது அதன் சாரம். சம்மதம் வந்தது. ஆண்டுக்கு 250 பவுன், இரண்டு ஆண்டுகளுக்கு. கப்பல் கட்டணம் தனி. துணிமணிகளுக்கென்று 100 பவுன் தனி. மார்ச் 17-இல் 'நெவாஸா' கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. ஏழு வாரங்களுக்குள் ஒரு பெரிய ஸ்தாபனம், தன் விதிகளுக்குள் அடங்காத ஓர் ஏழை மாணாக்கனை, உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பத் துணிந்துவிட்டது. இவ்வளவு விரைவு எதனால் சாத்தியமாயிற்று என்றால், அவரை அறிந்தவர்கள் அத்தனை பேரும் அவரவர் கையெழுத்தைப் போட்டு எழுதினார்கள் என்பதனால்தான்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இதைச் சரித்திரக்காரர்கள் போதிய அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ராமாநுஜனின் 250 பவுனில் 50 பவுனைப் பிரித்து, மாதம் 60 ரூபாயாக இங்கே அவருடைய குடும்பத்துக்கே நேரில் கொடுத்துவர வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக்குப் போனால் அந்த வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோகிறது. வழிச்செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கணக்கிடுகிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1914-இன் சென்னைச் சர்வகலாசாலை அதற்கு வழி செய்தது.

அந்த வித்து என்ன விளைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1918-இல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தெரிந்தெடுத்தது. டிரினிட்டி கல்லூரியும் பெலோ பதவி தந்தது. சென்னைச் சர்வகலாசாலை மேலும் ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. நோயாளியாக இங்கிலாந்தில் கிடந்த ராமாநுஜன் 1919 ஜனவரியில் டியூஸ்பரிக்குப் பதில் எழுதினார். தமக்கு வேண்டியதைக் காட்டிலும் இந்தத் தொகை அதிகம். பெற்றோருக்கு 50 பவுனும் தம்முடைய அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் வேண்டுகோள். மறு வருஷம் ஏப்ரல் 26-இல் அவர் காலமானார். வாங்கினவனே கொடுக்கிறவனாக மாறுகிற அந்தத் தருணத்தை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

ராமாநுஜன் கப்பலேறுவதற்கு முந்தின ஆண்டில், பரோடா மகாராஜா சயாஜிராவ் கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுனைக் கொண்டு அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். 1924-இல் சென்னையிலிருந்து ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்று மிச்சிகன் சர்வகலாசாலையில் பார்பர் என்பவர் வைத்த நிதியைப் பெற்றுச் சென்று தாவர சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். செடிகள் மட்டும் போய்க்கொண்டிருந்த திசையில், செடிகளைக் கற்கத் தென்னாட்டுப் பெண் ஒருத்தி போவதற்கு வைட் காலத்திலிருந்து கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் ஆயின. 1930 ஜூலை 31-இல் பம்பாயில் கப்பலேறிய பௌதிக விஞ்ஞானி சந்திரசேகர், ராஜதானிக் கல்லூரித் தலைவர் பைசன் மூலமாகத் தமக்கு வாய்த்த அரசாங்கச் சம்பளத்தைக் கொண்டு கேம்பிரிட்ஜுக்குப் போனார். அந்தப் பைசனும் ஒரு தாவர சாஸ்திரி. நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்.

சுதந்திரத்துக்குப் பின் வாசல் அகலத் தொடங்கியது. 1950 பிப்ரவரி 2-இல் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கல்விப் பரிமாற்ற ஒப்பந்தம் ஏற்பட்டு, புல்பிரைட் பெயரால் அறிஞர்கள் போகவும் வரவும் வழி பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு நாடு பஞ்சத்தின் வாயிலில் நின்றபோது, 20 லட்சம் டன் தானியம் வாங்க அமெரிக்கா 19 கோடி டாலர் கடன் கொடுத்தது; அந்தக் கடனுக்கு நாம் செலுத்தும் வட்டியில் 50 லட்சம் டாலரைக் கல்விப் பரிமாற்றத்துக்கும் புத்தகங்களுக்கும் ஆய்வுக்கூடக் கருவிகளுக்கும் செலவிடுவதென்று அவர்களுடைய சட்டமே கூறிற்று. பசிக்கு இரந்து வாங்கிய கோதுமையின் வட்டியில் நம் பிள்ளைகள் படித்தார்கள். அதிவீரராம பாண்டியனின் வாக்கு ஒரு தேசத்துக்கே பலித்த இந்தச் செய்தியை நம் பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விட்டது பெரிய குறை. பார்த்திவபுரத்துச் சாலையின் வாசல் யாருக்கு மூடியிருந்ததோ அவர்களுக்காக, 1954-55-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கான வெளிநாட்டு உபகாரச் சம்பளத்தை மத்திய சர்க்கார் தொடங்கியது.

பரிமாற்றம் என்றால் போக்குடன் வரவும் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் விவசாயிகளைப் பற்றி டேவிட் லட்டனும், நாடார் சமூகத்தைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவும் இங்கே வந்து ஆராய்ந்து எழுதிய நூல்கள் நம் மாவட்டத்தின் சரித்திரத்துக்கு இன்றும் ஆதாரமாக நிற்கின்றன. தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்டு, குற்றாலத்தில் வாழ்ந்து, 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. எந்தச் சீமைக்கும் போகவில்லை. தாய்மொழியிலே கற்றால் போதும் அறிவு தானே மலரும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய அவரைத் தேடி ராஜாஜியும் கல்கியும் சாரல் காலத்தில் இங்கே வந்தார்கள். வெளிநாட்டுக்குப் போவது ஒன்றே கல்வி என்று எவரும் என்னைத் தவறாக அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். போக வேண்டியவன் போக முடியாமல் நிற்பதுதான் என் கவலை.

குற்றாலநாதர் கோயில் தேவஸ்தானம் 1964-இல் பராசக்தி மகளிர் கல்லூரியைத் தொடங்கியது. அருவியின் ஓசை கேட்கும் தூரத்தில், கோயில் பணத்தில், பெண்களுக்கென்று ஒரு கல்லூரி. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் எழுந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. கடன் வாங்கியும் பீடி சுற்றியும் படிக்கவைக்கிற தாய்மார்களின் மக்கள் இந்தக் கல்லூரிகளில் முதல் வகுப்பில் தேறுகிறார்கள். ஐரோப்பாவிலே ஒரு பருவம் படித்துவர இடமும் பணமும் உண்டு என்ற அறிவிப்பு இன்று அவர்கள் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. தகுதி இருக்கிறது, நிதி இருக்கிறது. இல்லாமல் போனவர் அந்த மூன்றாவது மனிதர். தன்னைப் பற்றித் தானே இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதும்படி, விண்ணப்பிக்கிற பெண்ணைக் கேட்கிறார்கள். அடக்கத்தையே குணம் என்று கற்பித்து வளர்த்த வீட்டில் பிறந்தவளுக்கு அதுவே பெரிய மலை. வங்கிக் கணக்கில் இத்தனை லட்சம் இருப்பு உண்டு என்று சான்று கேட்கிறார்கள். இருப்பு இருந்தால் அவள் உதவித்தொகைக்கு ஏன் வருகிறாள்? அவளை நன்கு அறிந்த ஆசிரியர் இருவரின் கடிதங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கடிதங்கள் பல சமயம் எல்லா மாணவிகளுக்கும் ஒரே அச்சாக, பெயரை மட்டும் மாற்றி எழுதப்படுகின்றன. நான் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்த கடிதமும் அப்படிப்பட்டதுதான். அதில் என் பெயரே தவறாக இருந்தது.

நெவில் எழுதியது ஒரு கடிதம். வாக்கர் எழுதியதும் ஒரு கடிதந்தான். தென்காசி மாவட்டத்துக் கல்லூரிகளில் பாடம் சொல்லுகிற ஆசிரியர்களையும், இந்த மண்ணிலிருந்து போய் மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் உத்தியோகத்தில் அமர்ந்திருக்கிறவர்களையும், கைகூப்பி ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளைக்காக, அந்தப் பிள்ளையின் வேலையை உட்கார்ந்து படித்து, அதற்கென்றே ஒரு கடிதம் எழுதுங்கள். வசதியுள்ளவர்கள், அந்தப் பிள்ளை ஊரில் இல்லாத மாதங்களுக்கு அதன் வீட்டுக்கு ஒரு தொகை போய்ச் சேரும்படி செய்யுங்கள்.

கேட்பது இழிவு என்று எண்ணுகிறவர்கள் விசுவநாதர் கோயிலில் பராக்கிரம பாண்டியன் வெட்டிவைத்த பாடல்களைப் படித்துப் பார்க்கலாம். காலத்தால் இந்தத் திருப்பணியில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் திருவடியில் இப்பொழுதே விழுந்து வணங்குகிறேன் என்று, பிறக்கப்போகிறவர்களை நோக்கி அந்த அரசன் விண்ணப்பம் செய்திருக்கிறான். பின்னாளில் அவனுடைய ராஜகோபுரம் தீக்கு இரையாகிப் பல்லாண்டு மொட்டையாக நின்றது. 1990-இல், அவன் முகம் அறியாதவர்கள் பொருள் கொடுத்து, அது மறுபடி ஒன்பது நிலைகளோடு எழுந்தது.